53 க்கு 35: ஊவாத் தோட்டங்களின் தலைவிதியை எழுதிய ஒரு நாள்

1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20 ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலை அடுத்துள்ள சட்டசபை மண்டபத்தில் கூடிய இலங்கைப் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவின் இரண்டாம் வாசிப்பை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரித்தோர் 53 பேர். எதிர்த்தோர் 35 பேர். மசோதாவின் பெயர் இலங்கைப் பிரஜாவுரிமை மசோதா. நாடு சுதந்திரம் பெற்று ஆறு மாதங்களும் சில நாட்களுமே ஆகியிருந்தன.

சட்டசபை நடவடிக்கைகளின் வரலாற்றைப் படிப்பது வாசகர் பலருக்குச் சுவையற்ற காரியமாகத் தோன்றலாம். யார் எழுந்தார், யார் அமர்ந்தார், எந்தத் திருத்தம் தோற்றது என்பவை நாட்பட்டுப்போன செய்திகள் தாமே என்று அவர்கள் கருதலாம். ஆனால் சில நாட்களின் நடவடிக்கைகள் அந்நாளோடு முடிந்துவிடுவதில்லை. அந்த ஆகஸ்ட் நாளில் கொழும்பிலே கைதூக்கியோரில் எத்தனை பேர் பதுளைக்கு அப்பால் பசறையையும், லுணுகலையையும், மடூல்சீமையையும் கண்டிருப்பார்களோ, நாம் அறியோம். ஆயினும் புகையிரதப் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த அந்த மலைச்சரிவுகளில், அன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பல்லாயிரம் மக்களின் வாழ்வும், அவர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் வாழ்வும் அந்த 53 க்கும் 35 க்கும் இடையில் நிர்ணயிக்கப்பட்டன. ஊவா மாகாணத் தோட்டங்களை நடுவாக வைத்து அந்த ஒரு நாளின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவாவின் வரலாறு வாக்கெடுப்பில் தொடங்கவில்லை. வாளிலும் நெருப்பிலும் தொடங்குகிறது. கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைப்பட்டபின், 1817 இலும் 1818 இலும் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளின் சிங்களக் குடியானவர் அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய முறை கொடூரமானது. வீடுகள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. பின்னர் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்று கொள்ளப்பட்டு, கிராமத்தவர் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் பயன்படுத்திய காடும் புற்றரையும் தோட்டக்காரத் துரைமாருக்குக் கைமாறின. முதலிலே கோப்பி, கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. 1924 இல் புகையிரதம் தெமோதரைச் சுருள்பாதையைச் சுற்றிக்கொண்டு பதுளையை வந்தடைந்தது. அது சுற்றுலாப் பயணிகளுக்காக வந்த புகையிரதமன்று. தேயிலைப் பெட்டிகளுக்காக வந்தது.

அந்தத் தேயிலையைப் பயிரிட்ட கரங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. பஞ்சமும், சாதிக் கொடுமையும், கடனும் துரத்த, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பெரிய கங்காணியின் பின்னே புறப்பட்ட மக்கள் அவர்கள். காட்டை வெட்டியவர் அவர்கள். பாதை போட்டவர் அவர்கள். வழியிலே கொள்ளைநோய்க்கு இரையானவரும் அவர்களே. ஆகவே ஊவாவில் இரு மக்கட் கூட்டத்தார் அருகருகே வாழ்ந்தனர். ஒரு சாரார் தம் நிலத்தை இழந்தோர். மறு சாரார் அந்நிலத்தில் உழைத்தும் ஒரு சாண் மண்ணைத் தமதென்று சொல்ல முடியாதோர். இருவரையும் வதைத்த கை ஒன்றே. ஆயினும் கிராமத்தான் தன் கண்முன்னே கண்டது துரையை அன்று, லயத்துக் கூலியைத்தான். நிலம் பறித்தவன் இலண்டனில் இருந்தான். அந்நிலத்தில் குடியிருந்தவன் பக்கத்து மலையில் இருந்தான். பின்னாளில் அரசியல்வாதிகள் பலர் அறுவடை செய்த பகைமைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பதனை நாம் மறந்துவிடலாகாது.

இனி, வாக்குரிமையின் கதைக்கு வருவோம். டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி 1931 இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை அமுலுக்கு வந்தது. ஆசியாவிலேயே ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்த முதல் நாடுகளுள் ஒன்று என்று நாம் பெருமை கொள்வது இதனைக் கொண்டே. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுரிமை முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. அவன் நிரந்தர வாசத்தை நிரூபிக்க வேண்டும். அல்லது கல்வியோ சொத்தோ காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வசித்ததற்குச் சான்றிதழ் பெற வேண்டும். கிராமச் சபைகளிலோ நிலைமை இன்னும் மோசம். 1930 களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமை விரிவுபடுத்தப்பட்டபோது, தோட்டத்தில் வாழும் தொழிலாளர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். லயத்துக்குக் கீழேயுள்ள பாலத்தைக் கட்டுவது கிராமச் சபை. அந்தப் பாலத்தில் நடப்பவன் தொழிலாளி. அதைப்பற்றி அவனுக்குப் பேச்சில்லை.

இருந்தும் அம்மக்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. தோட்டத்துச் சபைகளில் இடம் மறுக்கப்பட்டவர் தமக்கென ஒரு சபையை அமைத்துக்கொண்ட அதிசயமும் ஊவாவிலேயே நிகழ்ந்தது. 1940 ஆம் ஆண்டில் மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை வீசியது. சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அலை ஊவாவை அடைந்தபோது, பதுளைப் பகுதியிலிருந்த வேவெஸ்ஸத் தோட்டத்தின் தொழிலாளர், சமசமாஜக் கட்சித் தோழர்களின் வழிகாட்டலில், தமக்குள் ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவு செய்தனர். தோட்டத்துரை அச்சபையோடு கலந்தே காரியங்களை நடத்த இணங்கினார். சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களையே அங்குத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். அந்தச் சபை நீடிக்கவில்லை. அரசின் அடக்குமுறை அதனைக் கலைத்துவிட்டது. ஆனால் பிரட்டுக்களத்தில் துரையின் முன் தலைகுனிந்து நின்றவர், தம்முள் ஒருவரைத் தெரிந்து, அவர் வாயிலாகத் தம் நியாயத்தை உரைக்கலாம் என்று ஒருமுறை கண்டுகொண்டபின், அதனை மறக்கச் செய்தல் எளிதன்று.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் அதனை மெய்ப்பித்தது. மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நிறுத்தியோரில் ஏழு பேர் வென்றனர். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அலுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா. இவர்களுள் வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வை இலக்கியமாக்கிய கவிஞர் என்பது நம் வாசகர் அறிந்ததே.

பதுளையின் முடிவை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பதுளை அன்று இரு அங்கத்தவரைத் தெரிவு செய்யும் தொகுதி. ஓர் ஆசனத்துக்குத் தோட்டத் தமிழர் சுப்பையா தெரிவானார். மற்ற ஆசனத்துக்குத் தெரிவானவர் சமசமாஜக் கட்சியின் ஜாக் கொத்தலாவலை, சிங்களவர். 1818 இன் நினைவும், 1840 இன் வடுவும் மாறாத ஒரு மாகாணத்தின் தலைநகர், ஒரு சிங்கள இடதுசாரியையும் ஒரு தோட்டத் தமிழரையும் ஒரே தேர்தலில் ஒரே தொகுதியிலிருந்து அனுப்பிவைத்தது. இனப் பகைமை என்பது மலைமேல் தானே முளைத்த காட்டுப்பூண்டு என்று சொல்வோர் இந்த முடிவை விளக்கட்டும்.

இம்முடிவு ஆளும் வர்க்கத்தாரின் நித்திரையைக் கலைத்தது. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 95 தெரிவு ஆசனங்களில் 42 ஐயே பெற்றது. சுயேச்சையாளரையும் நியமன அங்கத்தவரையும் சேர்த்தே அரசாங்கம் அமைக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளர் தமக்கென ஏழு அங்கத்தவரைத் தெரிவு செய்ததோடு, அவர்களின் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வாக்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக வந்ததே 1948 ஆகஸ்டு மசோதா.

பிரதம மந்திரியே அம்மசோதாவைச் சபையில் முன்வைத்தார். அரசாங்கத் தரப்பின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானது போன்றே தோன்றும். சுதந்திரம் பெற்ற ஒவ்வொரு நாடும் தன் பிரஜைகள் யார் என்று வரையறுத்தாக வேண்டும். இலங்கை சிறிய நாடு. அருகே பெரிய இந்தியா. வருவோர் போவோரையெல்லாம் பிரஜைகளாக ஏற்க முடியாது. கண்டிய விவசாயியின் நிலமும் வாக்கும் காக்கப்பட வேண்டும். இந்த வாதத்தில் கண்டிய விவசாயியின் துயரம் மெய்யானது. ஆனால் அத்துயரத்துக்குக் காரணமான தோட்டக் கம்பனிகளின் ஒரு பேர்ச் காணியையேனும் மசோதா தொடவில்லை. கம்பனியின் காணி கம்பனிக்கே இருந்தது. தொழிலாளியின் உழைப்பும் கம்பனிக்கே இருந்தது. அவன் வாக்கு ஒன்றே போக வேண்டியதாயிற்று. வாக்கில்லாத உழைப்பு தோட்ட முதலாளிக்கு எவ்வளவு இனியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எதிரணியில் அன்று ஒன்றுகூடியவர் பலதிறத்தார். இந்தியன் காங்கிரஸ் அங்கத்தவர் இருந்தனர். கலாநிதி என். எம். பெரேராவின் சமசமாஜக் கட்சியும், கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவின் போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சியும், பீட்டர் கெனமனின் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தன. எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஜி. ஜி. பொன்னம்பலமும் அங்கம் வகித்த தமிழ்க் காங்கிரசும் அன்று எதிர்த்தே வாக்களித்தது. இம்மசோதா பிறப்பையும் இரத்தத்தையும் கொண்டு மனிதரைப் பிரிக்கிறது என்றும், தொழிலாளி வர்க்கத்தைப் பிளப்பதே அதன் உள்நோக்கம் என்றும் இடதுசாரிகள் வாதிட்டனர். நாட்டின் செல்வத்தை ஆக்கியோரை நாடற்றோர் ஆக்குகிறீர்கள் என்று மலைநாட்டு அங்கத்தவர் முறையிட்டனர். வாதத்தில் எதிரணி தோற்கவில்லை, எண்ணிக்கையில் தோற்றது. அந்த எண்ணிக்கையும் நிலையாய் நிற்கவில்லை. வாக்கெடுப்பு நடந்து இரு வாரங்களுக்குள், செப்டம்பர் 3 ஆம் நாள், பொன்னம்பலம் அதே அரசாங்கத்தில் மந்திரிப் பதவி ஏற்றார். தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. அப்பிளவிலிருந்தே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. யாழ்ப்பாணத்து அரசியலின் இந்தத் திருப்புமுனை, ஊவா, மத்திய மாகாணத் தொழிலாளரின் வாக்குரிமையைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதை வடபுலத்து வாசகர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி மசோதாவின் வாசகத்துக்குள் நுழைவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டமாக அது நவம்பர் 15 இல் அமுலுக்கு வந்தது. அதில் எங்கேனும் தமிழர் என்ற சொல் உண்டா? இல்லை. தோட்டத் தொழிலாளி என்ற சொல் உண்டா? அதுவும் இல்லை. நாட்டில் ஏற்கெனவே பிறந்திருந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால், அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவே சட்டம் கேட்டது. இங்கே பிறந்தேன், இங்கேயே உழைத்தேன், இங்கேயே என் தாயைப் புதைத்தேன் என்பதெல்லாம் அதற்குப் போதாது. தாயின் பிறப்பு கணக்கிலேயே வரவில்லை. கொழுந்து கொய்யும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அப்பெண்களின் வழியாகப் பிள்ளைக்கு நாடு கிடைக்காது என்றது சட்டம்.

கொழும்பிலே கறுவாத்தோட்டத்துச் சீமானிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை எவரும் கேட்கவில்லை. அவர் பிரஜை என்பது கேளாமலே விளங்கிற்று. அதே கேள்வியை ஸ்பிரிங்வேலித் தோட்டத்து லயத்தில் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? தந்தை பிறந்தது எந்தத் தோட்டத்தில் என்பதே பலருக்கு ஐயம். பிறப்பு ஒழுங்காகப் பதியப்படாத காலம் அது. அவர்களிடம் இருந்த கடுதாசிகள் கங்காணியின் கடன் கணக்கும், ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகக் கொடுக்கப்பட்ட பத்துச்சீட்டும், செக்ரோலில் ஏறிய பெயருமே. தோட்டத்தின் வரவுசெலவுக்கு அப்பெயர் போதுமானதாயிருந்தது. நாட்டின் பிரஜாவுரிமைக்குப் போதாததாயிற்று. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் எனக் கணக்கிடப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டு மக்களில் ஒன்பதில் ஒருவருக்கு மேல். அவர்களிற் பெரும்பாலார் இச்சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர். விசேட சேவை புரிந்தோரைப் பிரஜைகளாக்க ஒரு பிரிவு இருந்தது உண்மையே. ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதிலேயே இருந்தது.

அடுத்த ஆண்டு மேலும் இரு சட்டங்கள் வந்தன. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1 க்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்கக் கேட்டது. பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டமோ, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. முதற் சட்டம் கதவைச் சாத்திற்று. இரண்டாவது ஒரு சிறு சாளரத்தைத் திறந்தது. மூன்றாவது வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரை வெட்டிற்று. சாளரத்தின் வழியே நுழைய முயன்று ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் பிரஜாவுரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தது, மனைவி வந்த திகதி பிசகியது, கையொப்பம் தவறியது என்று காரணங்கள் நீண்டன.

நீதிமன்றத்தையும் தட்டிப் பார்த்தனர். எந்த ஒரு சமூகத்தாருக்கும் பாதகமான சட்டம் செய்தலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறியது. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோற்றது. பிரஜைகள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் உள்ள இயல்பான அதிகாரம். இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் குறித்து இயற்றப்பட்டதன்று என்பதே தீர்ப்பின் சாரம். பெயர் குறிப்பிடாமல் எழுதியதன் பயன் அங்கே விளங்கிற்று. அநீதி தன் இலக்கைப் பெயர் சொல்லி அழைத்தால் நீதிமன்றம் கேட்கும். பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டால் அது வெறும் நிர்வாக விதியாகிவிடுகிறது.

இதனிலும் கொடிய நகைப்பு ஒன்றுண்டு. தொகுதிகளை வகுத்தபோது குடிசனத் தொகையையும் நிலப் பரப்பையும் சேர்த்தே ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அக்குடிசனத் தொகையில் தோட்டத் தொழிலாளரின் தலைகளும் அடக்கம். ஆகவே, ஊவாவுக்கும் மத்திய மாகாணத்துக்கும் உரிய ஆசனங்களைக் கணக்கிட அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. அவ்வாசனங்களை நிரப்ப அவர்களின் வாக்கு மறுக்கப்பட்டது.

விளைவு 1952 இல் வெளிப்பட்டது. தேர்தலுக்கு முன்னர், ஏப்ரல் மாதத்தில், மலைநாட்டுத் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மே மாதத் தேர்தல் அவர்கள் இன்றியே நடந்து முடிந்தது. ஏழு பேர் அமர்ந்திருந்த இடத்தில் அம்மக்கள் தெரிந்த ஒருவரும் அமரவில்லை. அதன்பின், பாராளுமன்றத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதெல்லாம் அவர்கள் ஒரு பிரச்சினையாகவே பேசப்பட்டனர்; ஒரு தரப்பாக அன்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து 1974 இல் அவ்வெச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டவரிடம் ஒரு வாக்கெடுப்பும் இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புகையிரத நிலையங்கள் அழுகைக் களங்களாயின. தகரப் பெட்டியும் பாயும் பாத்திரமுமாகக் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டன. அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் சேர்ந்தன. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே அடுப்பில் உண்டவர் இரு தேசத்தவராயினர். சென்றவரிற் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைச் செடிகளுக்கிடையிலேயே நின்றனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் வர வேண்டியதாயிற்று. 1948 இல் ஒரே பிற்பகலில் முடிந்த காரியத்தை அவிழ்க்க 55 ஆண்டுகள் சென்றன.

அதே 1988 இல் பதுளைக்கு ஒரு சட்டசபையே வந்து சேர்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைகள் அமைந்தன. ஊவா மாகாண சபைக்கு முதல் தேர்தல் 1988 இல் நடந்தது. கொழும்பு மண்டபத்துக்கு 290 கிலோமீற்றர் பயணித்து நியாயம் கேட்க வேண்டியதில்லை. கல்வி, சுகாதாரம், வீதி, விவசாயம் ஆகியவை பற்றி நியதிச் சட்டம் இயற்றும் சபை இனிப் பதுளை நகரிலேயே கூடும். இழந்த வாக்கை மீளப் பெற்றோர் அதில் தம் அங்கத்தவரையும் அமர்த்தினர். தோட்டத் தொழிற்சங்கத்தார் மாகாண மந்திரிப் பதவியும் வகித்தனர். இது சிறிய ஆதாயமன்று. 1940 இல் வேவெஸ்ஸவில் தொழிலாளர் தாமே கூட்டிய சபையை நினைக்கும்போது, சட்டத்தின் ஒப்புதலோடு ஊவாவில் கூடிய இச்சபையில் ஒரு தோட்டத் தமிழர் எழுந்து நிற்பதை நாம் மகிழ்ச்சியோடே காண்கிறோம்.

ஆனால் சபையில் ஆசனம் கிடைப்பது ஒன்று. அச்சபையின் கை தன் வாயிற்படிவரை நீளுவது மற்றொன்று. மாகாண சபைகள் பிறந்த அதே 1987 இல் இயற்றப்பட்ட பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம்; ஆனால் லயத்துக்குப் போகும் வழி தோட்டத்தின் சொத்தாதலால், சபை அதில் ஒரு கூடை கல்லும் கொட்ட முடியாது. அப்பிரிவு 2018 இலேயே திருத்தப்பட்டது. 1930 களில் கிராமச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேரர்கள், எண்பது ஆண்டு கழித்தே தம் வீதிக்கு உரியவராயினர்.

2014 செப்டம்பர் 20 இல் ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பலரும் தோட்டந்தோறும் வந்தனர். வீடும் காணியும் பற்றிப் பேசினர். நாற்பது நாள் கழியுமுன், அக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள்மீது மலை சரிந்து விழுந்தது. பலர் உயிரோடு புதையுண்டனர். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஏன் வேறிடம் போகவில்லை என்று கேட்பது எளிது. எங்கே போவது? காணி அவர்களுடையதன்று, லயம் அவர்களுடையதன்று, வேலையை விட்டால் லயமும் இல்லை. 1948 இல் பறிக்கப்பட்டது வாக்கு மட்டுமன்று. அரசு காணியற்றோருக்குக் காணி பகிர்ந்த ஆண்டுகளில், பிரஜையல்லாதோன் அந்த வரிசையில் நிற்கவே முடியாதவனாய் இருந்தான். வாக்கு நாற்பதாண்டிலும் ஐம்பதாண்டிலும் திரும்பி வந்தது. அந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பகிரப்பட்ட காணி திரும்பி வரவில்லை. சட்டசபையின் ஒரு நாள் நடவடிக்கை மீரியபெத்தையின் மண்ணுக்கடியிலும் கிடந்தது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

2014 இல் தெரிவான அச்சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாணத்தின் நிர்வாகம் ஆளுநரின் கையில் இருந்தது. ஒரு மக்களிடமிருந்து சபையைப் பறிக்க எப்போதும் ஒரு மசோதா தேவைப்படுவதில்லை. கூட்டாமல் விட்டாலும் போதும். இதில் சிங்களக் கிராமத்தானும் தோட்டத் தமிழனும் சமமாகவே நட்டமடைகின்றனர் என்பதை இரு சாராரும் உணர்தல் வேண்டும்.

எண்பதாண்டுக்கு முந்திய இந்த நிகழ்ச்சியை இன்று கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். பாட்டனின் கடுதாசியைக் கேட்கும் சட்டங்கள் உலகில் ஓய்ந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில் இந்தியாவின் அஸ்ஸாம் மாநிலத்தில் வெளியான பிரஜைகள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர் இடம்பெறவில்லை. 1971 க்கு முந்திய முன்னோரின் ஆவணத்தைக் காட்ட முடியாமற் போனோர் அவர்களுட் பலர். அங்கும் ஏழைகளும், எழுத்தறியாதோரும், வெள்ளத்தில் வீட்டோடு கடுதாசியை இழந்தோருமே சிக்குண்டனர். அவர்களின் துன்பத்தை நம்மவர் பிறர் கதையாக வாசிக்க முடியாது. மொழி வேறு, மலைக்குப் பதில் ஆற்றங்கரை, கேட்கப்படும் கேள்வி ஒன்றே.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில், பதுளை மாவட்ட மக்கள் மலையகத் தமிழ்ப் பெண் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தாயின் வழியாகப் பிள்ளைக்கு நாடில்லை என்று சட்டம் வகுத்த சபைக்கு, அத்தாய்மாரின் வழித்தோன்றலே அங்கத்தவராய்ச் சென்றார். இதனை நாம் வரவேற்கிறோம். அதே வேளையில், அவரை அனுப்பிய மக்களிற் பெரும்பாலோர் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி அற்றோராகவே வாக்களித்தனர் என்பதையும் சொல்லாதிருக்க முடியாது. 1948 இல் அவர்களிடம் கேட்கப்பட்டது பாட்டன் பிறந்த பத்திரம். இன்று அவர்கள் கேட்பது தாம் வாழும் காணியின் பத்திரம். முதற் கேள்வியைச் சபை ஒரே பிற்பகலில் வாக்குக்கு விட்டு முடித்தது. இரண்டாவது கேள்வியும் ஒரு நாள் சபையின் முன் வந்தே தீர வேண்டும். அன்று யார் யார் கைதூக்குகின்றனர், யார் யார் கைகட்டி இருக்கின்றனர் என்பதைப் பெயர் பெயராகக் குறித்து வைப்பது எழுதுவோர் கடன். 53 பேரையும் 35 பேரையும் வரலாறு மறக்கவில்லை. அன்றைய கணக்கையும் அது மறவாது.